நிகழாத யுத்தமும் நமது மலைகளும்

"இப்படி நடந்திருந்தால் என்னவாகியிருக்கும்?" என்னும் கேள்வியைச் சரித்திர ஆசிரியர்கள் பொதுவாக விரும்புவதில்லை. நடந்ததைச் சொல்லவே ஏடுகள் போதாதிருக்கையில் நடவாததைச் சொல்லி யாது பயன் என்பர். அவர்கள் கூற்றில் நியாயமுண்டு. நெப்போலியன் வாட்டர்லூவில் வென்றிருந்தால் ஐரோப்பா எவ்வாறு இருந்திருக்கும் என்று பேசுவது பெரும்பாலும் சாய்வு நாற்காலிப் பொழுதுபோக்கேயாம். ஆனால் வேறொரு வகை நிகழ்ச்சி உண்டு. அது நடந்திருந்தால் சரித்திரம் எழுத ஆசிரியரும் இருந்திரார். படிக்க மாணவரும் இருந்திரார். அத்தகைய ஒன்று ஏன் நடவாமல் நின்றது என்பதை ஆராயாமல் விடுவது, பள்ளத்தின் விளிம்பில் நின்ற வண்டியை யார் பிடித்து நிறுத்தினார் என்று கேளாமலே அதே வண்டியில் மீண்டும் ஏறி அமர்வது போன்றதாகும்.

1962 ஒக்டோபர் 27, சனிக்கிழமை. கியூபாவை அண்டிய சார்காசோக் கடலின் அடியில் பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் சிக்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் அதைச் சூழ்ந்து, மேலே வரும்படி எச்சரிக்கும் பொருட்டுச் சிறு வெடிகளை நீருக்குள் எறிந்துகொண்டிருந்தன. குளிர்ந்த வட கடலுக்கெனக் கட்டப்பட்ட கப்பல் அது. உள்ளே வெப்பமோ 45 பாகையைத் தாண்டியிருந்தது. மாஸ்கோவுடன் தொடர்பில்லை. மேலே யுத்தம் தொடங்கிவிட்டதா இல்லையா என்று கூற எவருமில்லை. அக்கப்பலில் அணுகுண்டு பொருத்திய டோர்பிடோ ஒன்று இருந்த செய்தியை அமெரிக்கர் அறியார். பொறுமை இழந்த கப்பல் தலைவர் சவீட்ஸ்கி அதனை ஆயத்தப்படுத்த ஆணையிட்டார் என்றும், படைப்பிரிவின் தலைமை அதிகாரியாய் அதே கப்பலில் இருந்த வசீலி அர்கீப்பொவ் அதற்கு இணங்க மறுத்தார் என்றும், உடனிருந்த ஓர்லோவ் என்பவர் பின்னாளில் கூறினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2002 இல் ஹவானாவில் கூடிய மாநாட்டின்போதே உலகம் இதனை அறிந்தது. நுணுக்கங்களில் சாட்சிகள் வேறுபடுகின்றனர். டோர்பிடோ ஏவப்படவில்லை என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை. கப்பல் மேலெழுந்து வந்தது.

அர்கீப்பொவ் எங்கிருந்து அந்த உறுதியைப் பெற்றார்? இதற்கு ஒரு விடை உண்டு. முந்திய ஆண்டு, 1961 ஜூலையில், கே-19 என்ற அணுசக்தி நீர்மூழ்கியின் உலை பழுதுபட்டது. அதனைச் செப்பனிட இறங்கிய மாலுமிகளுள் எண்மர் கதிர்வீச்சினால் சில வாரங்களுக்குள் மாண்டனர். அர்கீப்பொவ் அக்கப்பலில் இருந்தவர். அணு என்பது அவருக்குப் படைநூலில் காணும் சொல்லன்று. உடன் உணவருந்திய இளைஞரின் சாவு.

இக்கதையை உலகின் பல மொழிகளில் எழுதியாயிற்று. நாம் இதனைத் தேயிலை மலைகளில் நின்று பார்க்க விரும்புகிறோம். அதே வாரத்தில் இமயத்தில் வேறொரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஒக்டோபர் 20 ஆம் திகதி தொடங்கிய இந்திய–சீனப் போர், நவம்பர் 21 இல் சீனா தானாகவே போரை நிறுத்தும் வரை நீடித்தது. அதன்பின் டிசெம்பர் 10 முதல் 12 வரை கொழும்பில் ஆறு நாடுகள் கூடின: இலங்கை, பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, கானா, ஐக்கிய அரபுக் குடியரசு. கூட்டியவர் அன்றைய பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா. படைகள் மீண்டும் மோதாதிருக்க இடைவெளி ஒன்றை ஏற்படுத்தும் யோசனைகளைக் கையிலேந்தி அவர் பீக்கிங்குக்கும் டில்லிக்கும் பயணஞ்செய்தார். எல்லைத் தகராறு தீரவில்லை, இன்றும் தீரவில்லை. ஆனால் பெரிய வல்லரசுகள் எதிலும் சேராத சிறு நாடுகள், ஆயுதம் ஏந்தி நின்ற இரு பெரும் நாடுகளின் நடுவே நின்று "பொறுங்கள்" என்று சொல்லலாம் என்பதை ஆசியா அன்று கண்டது. அதனை நாம் குறைத்து மதிப்பிடோம்.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அச்சமாதானத் தூது சென்ற நாட்டில்தான் ஹற்றனிலும் டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் தலவாக்கலையிலும் கொழுந்து பறித்த லட்சக்கணக்கானோர் அன்று நாடற்றவராயிருந்தனர். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்திற்று. 1964 ஒக்டோபர் 16 இல் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. இரண்டு வாரங்கள் கழிந்து, ஒக்டோபர் 30 இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மனிதர், அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பேசித் தீர்க்கப்பட வேண்டியவர். 1974 இல் அந்த எஞ்சியோரையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். இத்தனை பேரில் ஒருவரையேனும் அழைத்து "உனக்கு விருப்பம் எது?" என்று கேட்டதில்லை. இமயப் போரில் நொந்த டில்லி, அயல்நாடுகளின் நட்பை வேண்டி நின்றதும் இவ்வொப்பந்தத்துக்கு ஒரு காரணம் என்பர் சரித்திர ஆசிரியர் சிலர். அங்ஙனமாயின், ஓர் எல்லையில் அமைதி காக்கக் கொடுத்த விலையில் ஒரு பகுதி நமது லயங்களிலிருந்து வசூலிக்கப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

இப்போது நடவாததைப் பற்றிப் பேசுவோம். அணுயுத்தம் நடந்திருந்தால் என்று கற்பனை செய்து எழுதுவோர் இறுதியில் ஒரு பட்டியல் தருவர். அமெரிக்காவில் இத்தனை கோடி, சோவியத்தில் இத்தனை கோடி, ஐரோப்பாவில் இத்தனை கோடி என்று நாடு வாரியாக மாண்டோர் தொகை அதில் இருக்கும். 1962 ஒக்டோபரில் அந்த டோர்பிடோ ஏவப்பட்டிருந்தால், நமது மக்களின் சாவு எந்த நாட்டின் நிரலில் எழுதப்பட்டிருக்கும்? இலங்கையர் அல்லர், இந்தியரும் அல்லர். உயிரோடிருக்கும்போது எண்ணப்படாதவர் இறந்த பின்னும் எண்ணப்படார். 1988 இலும் 2003 இலும் இயற்றிய சட்டங்களுக்குப் பின்னரே எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை கிட்டியது.

"இந்த மூலையில் கிடக்கும் மலைமீது யார் குண்டு போடப் போகிறான்?" என்று கேட்கக்கூடும். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீதும் திருகோணமலையின்மீதும் குண்டு பொழிந்தன. பிரிட்டிஷாரின் கடற்படை இங்கிருந்ததே அதற்குக் காரணம். சுதந்திரம் பெற்ற பின்னும் திருகோணமலையும் கட்டுநாயக்காவும் பிரிட்டிஷ் தளங்களாகவே நீடித்தன. 1957 இல் அவை மீட்கப்பட்டன. மீட்கப்படாது இருந்திருந்தால், ஐந்தாண்டுகள் கழித்து வந்த அந்த ஒக்டோபர்ச் சனிக்கிழமையில் இத்தீவும் ஒரு குறியாகவே இருந்திருக்கும். அந்நியத் தளம் வேண்டாம் என்று ஊர்வலம் போனவரைப் பார்த்து நகைத்த அறிவாளிகள் அன்று பலர்.

எனினும் குண்டு விழுந்துதான் நாம் மடிய வேண்டும் என்பதில்லை. 1942 இல் பர்மா வீழ்ந்ததும் தோட்டத்துக்கு வந்த அரிசி குறைந்தது, பங்கீடு வந்தது, அரிசி உண்ட வீடுகளில் கோதுமை மா ரொட்டி வந்தது. 1973 ஒக்டோபர் மத்திய கிழக்கு யுத்தத்தின்போது அமெரிக்கா தன் அணுப்படைகள் உட்பட எல்லாப் படைகளையும் உயர் எச்சரிக்கை நிலையில் வைத்தது. வல்லரசுகள் பின்வாங்கின, உலகம் தப்பிற்று. ஆனால் எண்ணெய் விலை ஏறிற்று. தானிய விலையோ அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. உணவு இறக்குமதியை நம்பியிருந்த இத்தீவில் பங்கீடு சுருங்கியது. 1973–74 இல் தோட்டங்களில் மனிதர் பட்டினியால் மாண்டனர். தோட்டப் பகுதிகளின் இறப்பு விகிதம் எகிறியது. சிலர் நகரங்களுக்கு இறங்கிக் குப்பைத் தொட்டிகளில் கைவிட்டுத் தேடியதைக் கண்டவர் இன்னும் உயிரோடிருக்கின்றனர். தடுக்கப்பட்ட ஒரு பெரும் போரின் ஓரத்தில் வீசிய காற்றே நம்மை இப்படிச் சாய்த்ததென்றால், தடுக்கப்படாத போர் என்ன செய்திருக்கும்?

உயர்தர வகுப்பு மாணவருக்கு மாலை வேளைகளில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து வந்த நாம், ஒருமுறை அவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். 1983 செப்டெம்பர் 26 நள்ளிரவு தாண்டிய வேளை, மாஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள செர்பூகவ்-15 என்ற நிலவறையில் காவல் இருந்த லெப்டினன்ட் கேணல் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவின் திரையில், அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை புறப்பட்டதாக எச்சரிக்கை எழுந்தது. பின்னர் மேலும் நான்கு. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர்தான் சோவியத் விமானப்படை கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்திருந்தனர். இருபுறமும் பகை கொதித்துக்கொண்டிருந்தது. பெட்ரோவ் யோசித்தார். உலகை அழிக்கத் துணிந்தவன் ஐந்தே ஏவுகணைகளை அனுப்புவானா? தரையிலிருக்கும் ரேடார்கள் ஏன் ஒன்றையும் காணவில்லை? இது தவறான எச்சரிக்கை என்று மேலிடத்துக்கு அறிவித்தார். அவர் முடிவு சரியானது. முகில்களின் மேல்விளிம்பில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணையின் நெருப்பென்று கொண்டுவிட்டது. "பெட்ரோவ் வேறுவிதமாக அறிவித்திருந்தால், ஆறு மாதங்களின் பின் நமது தோட்டம் எப்படி இருக்கும்? எழுதுக." இதுதான் பயிற்சி.

பெரும்பாலான மாணவர் சினிமாவில் கண்டபடி கொழும்புத் துறைமுகம் தீப்பற்றி எரிவதை எழுதினர். ஒரு மாணவி மட்டும் குண்டைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கப்பல் வராது, ஸ்டோர் மூடப்படும், கொழுந்து நிறுக்க யாரும் வரமாட்டார்கள், பெரட்டுக்குக் கொம்பு ஊதாது, கூட்டுறவுக் கடையில் மா தீரும், பிறகு கவ்வாத்து வெட்ட ஆளில்லாமல் தேயிலைச் செடியெல்லாம் மரமாகிவிடும் என்று எழுதியிருந்தாள். இறுதியில் ஒரு வாக்கியம்: "நாங்கள் நட்டதில் ஒன்றையும் எங்களால் தின்ன முடியாது."

நாம் பல நூல்களைப் படித்திருக்கிறோம். தோட்டப் பொருளாதாரத்தின் இயல்பை இத்தனை சுருக்கமாக வேறெங்கும் கண்டதில்லை. மலை மலையாய்ப் பச்சை; அத்தனையும் பிறர் கோப்பைக்கு. ஏற்றுமதி நின்ற மறு வாரமே பசி.

ஒன்றை மட்டும் அவளுக்குத் திருத்திச் சொன்னோம். செடி மரமாகுமுன் கருகிவிடும். 1983 டிசெம்பரில் விஞ்ஞானிகள் ஐவர் வெளியிட்ட ஆய்வு, எரியும் நகரங்களின் புகைக்கரி வான்மண்டலத்தின் உச்சிக்கேறிச் சூரியனை மறைத்துப் பூமியைக் குளிரச் செய்யும் என்றது. 2022 இல் வெளியான விரிவான ஆய்வொன்று, இந்தியாவும் பாகிஸ்தானும் அணுப்போர் புரிந்தால் விளைச்சல் குன்றி உலகில் 200 கோடிக்கு மேற்பட்டோரும், அமெரிக்காவும் ருஷ்யாவும் புரிந்தால் 500 கோடிக்கு மேற்பட்டோரும் பட்டினியால் மாளக்கூடும் என மதிப்பிட்டது. நுவரெலியாவில் வாழ்வோருக்கு இதனை விளக்கச் சூத்திரங்கள் வேண்டியதில்லை. தை மாதத்து விடியலில் பள்ளத்து மலைகளில் உறைபனி படிவதும், வெயில் ஏறியதும் கொழுந்து கருகி நிற்பதும் அவர்கள் கண்ட காட்சியே. நம் அயலில் வசிக்கும், நாற்பது ஆண்டு கொழுந்தெடுத்த மூதாட்டி ஒருவரிடம் இந்த ஆய்வைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு ராத்திரிப் பனிக்கே பேரு அரைப்பேராப் போகுதுங்க மாஸ்டர். சூரியனே வராட்டி பேரு ஏது, மலை ஏது? காம்பராவுக்குள்ள எத்தன நாளைக்குக் குந்திக் கெடக்கிறது?" என்றார்.

இனி, அவ்வகுப்பில் எழுந்த கேள்விக்கு வருவோம். நாம் அர்கீப்பொவையும் பெட்ரோவையும் புகழ்ந்து பேசிக்கொண்டிருக்கையில் பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "சேர், பொறுமையா இருங்கன்னு தொரையும் சொல்றாரு, தலைவருங்களும் சொல்றாங்க. இருநூறு வருஷமா அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம். இப்ப நீங்களும் அடங்கிப் போங்கன்னுதான் சொல்றீங்களா?" என்றான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் கேட்டது சரியான இடத்தில் தைத்தது. அடக்கம் என்ற ஒரே சொல்லை இரு வேறு பொருள்களுக்கு நாம் வழங்குகிறோம். ஆயுதம் கையிலிருப்பவன் அதனைப் பிரயோகிக்க மறுப்பது ஒன்று. கையில் ஏதுமற்றவன் தலைகுனிவது மற்றொன்று. முன்னதைக் காட்டிப் பின்னதை உபதேசிப்பது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம். உண்மையில் பெட்ரோவ் செய்தது கீழ்ப்படிதலே அன்று. யந்திரம் "தாக்குதல்" என்றது. விதிநூல் "அறிவி" என்றது. அவர் தம் புத்தியை நம்பினார். அதற்காக அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. அன்றிரவு குறிப்பேட்டை ஒழுங்காக நிரப்பவில்லை என்று கண்டிக்கப்பட்டார். அர்கீப்பொவும் கப்பல் தலைவரின் சினத்துக்கு இணங்காது நின்றவரே. ஆதலின் இவர்களைப் பொறுமைசாலிகள் என்பதினும் மறுத்தவர் என்பதே பொருந்தும். அம்மாணவனுக்கு இவ்வாறே விடை கூறினோம். "அப்ப சரி சேர்" என்று அமர்ந்தான். முற்றும் ஒப்பினான் என்று நாம் எண்ணவில்லை.

அவன் ஒப்பாததற்குக் காரணம் உண்டு. படையடக்கம் என்பதை நமது மக்கள் ஏட்டில் படித்திருக்கலாம். கண்ணால் கண்டது அரிது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிசார் சுட்டனர். கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். பெட்ரோவ் தம் திரையை நம்ப மறுத்ததற்கு இரண்டு மாதம் முன்னர், 1983 ஜூலையில், கொழும்பிலும் கண்டியிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஆயுதந்தாங்கியோர் பல இடங்களில் பார்த்து நின்றனர். சில இடங்களில் தாமே கலந்துகொண்டனர். அங்கே துப்பாக்கி அடங்கியிருந்தது உண்மைதான். தடுக்க வேண்டியவரைத் தடுக்காமல் அடங்கியிருந்தது! அடக்கம் எப்போது அறமாகிறது, எப்போது உடந்தையாகிறது என்பதற்கு இதனினும் வேறு பாடம் வேண்டா. அதே நாள்களில், தம் வீட்டு வாசலில் வந்து நின்ற கூட்டத்திடம் "இங்கே ஒருவரும் இல்லை" என்று கூறித் தமிழ்க் குடும்பங்களை உள்ளறையில் மறைத்து வைத்த சிங்கள மக்களை அர்கீப்பொவின் வரிசையிலேயே நாம் வைக்கிறோம். அவர்களிடம் டோர்பிடோ இல்லை. "மாட்டேன்" என்ற சொல் இருந்தது.

தனி மனிதரின் நற்பண்பை இவ்வளவு பேசிய பிறகு ஓர் எச்சரிக்கை அவசியம். அர்கீப்பொவ் பி-59 இல் ஏறியது தற்செயல். அன்று புறப்பட்ட நான்கு நீர்மூழ்கிகளில் வேறொன்றில் அவர் இருந்திருக்கலாம். மானிட வர்க்கம் முழுவதன் வாழ்வும், சரியான மனிதர் சரியான இரவில் காவல் இருக்க நேர்ந்தமையில் தொங்கியது என்றால், வியந்து மாலையிட்டு நின்றுவிடலாகாது. அவ்வாறு தொங்கவிட்ட அமைப்பு எது என்று கேட்க வேண்டும். அது கடந்தகாலக் கதையும் அன்று. 2022 மார்ச் 9 இல் இந்திய விமானப்படையின் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து, பாகிஸ்தானின் பஞ்சாப்பில் மியான் சன்னு என்ற ஊரருகே விழுந்தது. அதில் வெடிமருந்து இல்லை, உயிர்ச்சேதம் இல்லை. பாகிஸ்தான் பதிலுக்கு ஒன்றையும் ஏவவில்லை. இரண்டு நாள் கழித்து இந்தியா தவறென்று ஒப்பியது. பின்னர் அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பத்திரிகைகள் இதனை ஓரிரு நாளில் மறந்தன. 2025 மே மாதத்தில் அவ்விரு நாடுகளும் நான்கு நாள் ஏவுகணைகளையும் ஆளில்லா விமானங்களையும் வீசிக்கொண்டபோது அச்செய்தியை எத்தனை பேர் நினைத்தனரோ! அக்கரையில் எழும் புகைக்குப் பாக்குநீரிணை ஒரு தடையன்று.

அமைப்பை மாற்ற இத்தீவிலிருந்து சில குரல்கள் எழுந்ததுண்டு. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கக் கோரி இலங்கை முன்வைத்த பிரேரணையை ஐக்கிய நாடுகள் சபை 1971 டிசெம்பர் 16 இல் ஏற்றது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த நாளும் அதுவே. அணுசக்தியால் இயங்கும் எண்டர்பிரைஸ் என்ற அமெரிக்கக் கப்பல் அவ்வேளை வங்காள விரிகுடாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. கப்பல்கள் கடலில் இருந்தன. 1996 இல் சர்வதேச நீதிமன்றம் அணுவாயுதம் பற்றிக் கருத்துரைத்தபோது, இலங்கையரான நீதியரசர் வீரமந்திரி, எச்சூழ்நிலையிலும் அது சட்டவிரோதமே என்று தனித்து எழுதினார். 2023 இல் இலங்கை அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. அணுவாயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றேனும் அதில் இல்லை.

அவ்வொன்பது நாடுகளின் பெயரையும் மாணவர் கரும்பலகையில் எழுதினர். முன்பு எழுந்து கேட்ட அதே பையன், இவற்றில் எவையெல்லாம் நம் தேயிலையை வாங்குகின்றன என்று கேட்டான். ருஷ்யா என்றோம். சீனா, அமெரிக்கா, பிரிட்டன் என்று மற்றவர் அடுக்கிக்கொண்டு போனார்கள். வட கொரியாவில்தான் பட்டியல் தடைப்பட்டது.